பலவேசம் வீட்டுக்கு வெள்ளை அடித்த பங்குனி

மந்திக்குளத்தை வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போட வந்த அதிகாரி "இந்த ஊர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டபோது, "எங்கேயும் போகலை ஐயா, இங்கேதான் இருக்கு" என்று ஊரே கூடிச் சத்தியம் செய்தது. அவர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே பலவேசம், மாசானம், கொம்பையா என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவன் பலவேசத்துக்குத் தலை நரைக்க ஆரம்பித்தும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்க வந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்த கையோடு செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார்கள். இருட்டும் ஒட்டடையும் அப்படி.

வேம்பு பூத்துக் கொட்டிய ஒரு பங்குனியில் ஆவுடையம்மா அத்தை ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். பக்கத்து ஊர்த் தளவாயின் ஒரே மகள் சொர்ணம்.

"ஏலே, வெள்ளிக்கிழமை வீடு பாக்க வாராங்க. முந்தின நாளே கிளம்பி, கோயில்ல தங்கிட்டு நேரா இங்க வருவாங்க. அதுக்குள்ள வீட்டுக்கு வெள்ளை அடிங்க. காத்தை உள்ள கூப்பிடுங்க. காலெடுத்து வச்சதும் மனசு லேசாகணும். அவங்களுக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரியே இருக்கணும். தளவாய் எதைச் சொன்னாலும் சரின்னு சொல்லுங்க. இதுல ஒண்ணு பிசகினாலும், பலவேசம், நீ கட்டையில போற வரைக்கும் பிரம்மச்சாரிதான்."

பலவேசம் உடனே தம்பிகளை உட்காரவைத்து ஆலோசனை நடத்தினான்.

"முதல்ல வெள்ளை அடிக்கணும். எந்த வெள்ளை?"

"எதிர்வீட்டு வெள்ளைச்சாமி மாமாதான். ஊருல வேற வெள்ளை ஏது?" என்றான் மாசானம்.

"அவரு நமக்கு என்ன கெடுதல் பண்ணாரு?" என்றான் கொம்பையா.

"கெடுதலுக்கு அடிக்கலை லே. வீட்டுக்கு அடிக்கோம்."

வெள்ளைச்சாமி கல்குவாரியில் சம்மட்டி பிடிக்கிறவர். மூவரும் போய்க் கும்பிட்டு, "கோவிச்சுக்காதீங்க மாமா, வீட்டு விசேஷம்" என்று சொல்லி முதுகில் ஒன்று வைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை மூவராலும் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. நொண்டிக்கொண்டு வந்தவர்களை அத்தை வழியில் பார்த்தாள்.

"வெள்ளை அடிச்சாச்சாலே?"

"அடிச்சாச்சு அத்தை. ஆளுக்கு ரெண்டு தடவை."

"நல்லது. ரெண்டு தடவை அடிச்சாத்தான் நிக்கும்."

"நிக்கத்தான் முடியலை அத்தை," என்றான் மாசானம்.

அடுத்தது காற்று. வெறுங்கையோடு போய்க் கூப்பிட்டால் மரியாதை இல்லை என்று தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துத் தெருமுனையில் போய் நின்றார்கள். பங்குனிக் காற்று ஒரு சுழற்று சுழற்றியது. வெற்றிலை பறந்துபோனது.

"எடுத்துக்கிச்சு. கட்டாயம் வரும்," என்றான் பலவேசம்.

"பாக்கை விட்டுட்டுப் போயிருச்சே?"

"பல்லு போன காத்தா இருக்கும்."

விருந்தாளி வந்தால் தட்டத்தானே செய்யும் என்று வீட்டுக் கதவு ஜன்னலை எல்லாம் இறுகச் சாத்திக்கொண்டு உள்ளே காத்திருந்தார்கள். வியர்த்துக் கொட்டியது. காற்று வரவில்லை.

"சரி, அது வரும்போது வரட்டும். மனசை லேசாக்குவோம்," என்றான் பலவேசம். கனமானது எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்று முடிவானது. கட்டில், பீரோ, ஆட்டுக்கல், அண்டா எல்லாம் தெருவுக்கு வந்தன. பழசைக் கழிக்கிறார்கள் என்று நினைத்து ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பொழுது சாய்வதற்குள் வீட்டில் மிஞ்சியது சுவர்தான்.

"மனசு லேசாத்தான் இருக்கு," என்றான் மாசானம். "ஆனா இது அவங்க சொந்த வீடு மாதிரி இல்லையே."

"போய்ப் பாத்துட்டு வந்து அதே மாதிரி பண்ணுவோம்."

"வர்ற வழியில மறந்துருவோம்ணே," என்றான் கொம்பையா. மூவரில் அவன்தான் விவரமானவன். "கையோட எடுத்துட்டு வந்துருவோம்."

வியாழக்கிழமை தளவாய் குடும்பம் கோயிலுக்குக் கிளம்பியதும் மூவரும் மாட்டுவண்டியோடு போய் இறங்கினார்கள். சாவி நிலைக்கு மேலேயே இருந்தது. யாரென்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரர்களிடம் "மாப்பிள்ளை வீடு" என்றார்கள். சீர்வரிசை போகிறது போலிருக்கிறது என்று அவர்களே சாமான்களை வண்டியில் ஏற்றிக் கயிறும் கட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தளவாய் மனைவி, மகளோடு பலவேசம் வீட்டுக்குள் நுழைந்தார். அவருடைய சாய்வு நாற்காலி. சுவரில் அவருடைய அப்பா படம். சட்டையைக் கழற்றி அவருடைய ஆணியில் மாட்டினார். அவர் மனைவி நேராக அடுப்படிக்குப் போய், பார்க்காமலே கையை நீட்டிக் காபித்தூள் டப்பாவை எடுத்தாள். அத்தை வாசலிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பாதிக் காபியில் தளவாய் நிமிர்ந்தார். சுவரோரம் மூன்று பேர் கை கட்டி நின்றார்கள்.

"யாருப்பா நீங்க? என் வீட்டுல என்ன வேலை?"

"சரிங்க," என்றார்கள் மூவரும்.

"என்ன சரி? இது என் வீடுதானே?"

"சரிங்க."

"அப்ப வெளிய போங்க."

"சரிங்க."

தெருவில் நின்ற பலவேசத்தின் முகம் சுண்டிப்போனது. "அத்தை சொன்னது எல்லாத்தையும் பண்ணோமே லே. எதுல பிசகுச்சு?"

உள்ளே சொர்ணம் பேசினாள். "அப்பா, அந்த மூத்தவரு ஒரு எதிர்ப்பேச்சு பேசலை பாத்தீங்களா?"

தளவாய் யோசித்தார். ஒரே மகள். அவளைப் பிரிய அவருக்கும் மனமில்லை. கதவைத் திறந்தார்.

"ஏப்பா, என் பொண்ணைக் கட்டிக்கிட்டு, இந்த வீட்டுலயே வீட்டோட மாப்பிள்ளையா இருப்பியா?"

"சரிங்க," என்றான் பலவேசம்.

கல்யாணம் அந்த வீட்டிலேயே நடந்தது. முடிந்ததும் தம்பிகள் வாசலில் நின்று கண் கலங்கினார்கள்.

"பொறந்த வீட்டை விட்டுட்டு இப்படி அசலார் வீட்டுல வந்து இருக்கப்போறியேண்ணே," என்றான் மாசானம். "நல்ல நாளுக்காவது நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போ."

"வராம இருப்பேனா," என்று பலவேசம் மூக்கைச் சிந்தினான். "அது எந்தப் பக்கம் இருக்கு? வழி மட்டும் சொல்லு."

தம்பிகள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். "நீ உள்ள போண்ணே. விசாரிச்சுக்கிட்டுப் போய்ச் சேந்துருவோம்."

தெருமுனையில் விசாரித்தார்கள். டீக்கடையில் விசாரித்தார்கள். வெள்ளைச்சாமியிடம் தள்ளி நின்றே விசாரித்தார்கள். எல்லாரும் ஒரே வீட்டைத்தான் கை காட்டினார்கள். போய்க் கதவைத் தட்டினார்கள்.

உள்ளே பலவேசம் துள்ளி எழுந்தான்.

"கதவைத் திறங்க மாமா. வெத்திலை எடுத்துக்கிட்டுப் போச்சுல்லா, அந்தக் காத்து வந்துருச்சு."