உலையை மூடியவர் யார்?

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசியில் விடை சொல்லாமல் யாரும் எழுந்து போகக்கூடாது.

கடலோரத்தில் ஒரு நாடு. அதற்கு ஒரே ஒரு அணு உலை. அதை என்ன செய்வது என்பதில் மட்டும் அந்த நாட்டில் ஒரு முடிவும் நிலைத்ததில்லை. விளக்குக் கட்சி ஆண்டால், “உலை எரியட்டும்.” சுறாக் கட்சி ஆண்டால், “இழுத்து மூடு.” இரண்டும் கூட்டணி சேர்ந்தால், “நிபுணர் சொல்லட்டும்.” நிபுணர் அறிக்கையும் ஒன்றேதான், ஆட்சிக்கு ஆட்சி அட்டையும் கடைசிப் பக்கமும் மாறும். மாற்ற மாட்டேன் என்ற நிபுணர்கள் இரண்டு பேர் வேலை போய், வீட்டில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது நிபுணராக வந்தவர் செலஸ்டினா அம்மாள். இருபது வருஷம் அந்த உலையிலேயே வேலை பார்த்தவர். கட்சிக் கணக்கு அவருக்குத் தெரியாது. உலைக்கலத்தின் இரும்பு மூடியில் மயிரிழைக் கீறல் விழுந்திருப்பது தெரியும். நல்ல மூடியாகப் போடச் சொல்வதாக நினைத்து, கடைசிப் பக்கத்தில் ஒரே வரி எழுதினார்: “உலையை உடனே மூட வேண்டும்.”

அப்போது நடந்தது கூட்டணி ஆட்சி. சுறாக் கட்சித் தலைவர் அமலதாசன், “பூட்டுப் போடச் சொல்லியாச்சு!” என்று தெருவெல்லாம் வெடி வெடித்தார். விளக்குக் கட்சித் தலைவர் வீரபத்திரன் சமையல் வேலையிலிருந்து அரசியலுக்கு வந்தவர். “உலைக்கு மூடி போட்டாத்தானே சோறு வேகும்? புதுசா ஒண்ணு செய்யுங்கப்பா” என்று உத்தரவு போட்டார். இருவரும் ஒரே நாளில் சிரிப்பதைக் கண்ட பிரதமர் தாண்டவராயன், காரணம் கேட்காமல் கையெழுத்திட்டார்.

உலை நின்றது. புது மூடி பொருத்தியாயிற்று. இதற்குள் மந்திரிசபையில் இலாகாக்கள் மாறி, மின்துறை அமலதாசனுக்கு வந்தது. அன்றிலிருந்து அவருக்கும் உலை எரிந்தாக வேண்டும். “மூடச் சொன்னேன், மூடியாச்சு. மூடின உலைதான் எரியப்போவுது” என்று தனக்கு ஓட்டுப் போட்ட மீனவர்களிடம் விளக்கினார். வெள்ளிக்கிழமை திறப்பு விழா என்று நாள் குறித்தார்கள். இன்னும் மூன்றே நாள்.

“அழுத்தம் ஏத்தி மூடியைச் சோதிக்கணும் ஐயா. பத்து நாள் கொடுங்க” என்றார் செலஸ்டினா.

“உங்களுக்கும் ரோஜாச் செடி பிடிக்குமாம்மா?” என்று பிரதமர் அன்பாக விசாரித்தார்.

அந்த நேரத்தில் விழாக் கல் வந்து இறங்கியது. ‘உலையை மூடியவர்’ என்று வெட்டி, கீழே ஒரே ஒரு பெயருக்கு இடம் விட்டிருந்தது.

“மூடு மூடுன்னு பத்து வருஷம் கத்தினவன் நான்” என்றார் அமலதாசன்.

“நீங்க கேட்டது பூட்டு. மூடி செஞ்சது நான்” என்றார் வீரபத்திரன்.

“என் கையெழுத்து இல்லாம அது தானா ஏறி உட்கார்ந்துச்சா?” என்றார் பிரதமர்.

பெயர் இல்லாவிட்டால் கூட்டணியும் இல்லை என்று தலைவர்கள் இருவரும் துண்டை உதறி எழுந்தார்கள். “நிபுணர் சொல்லட்டும்” என்றார் பிரதமர். கல்தச்சர் உளியைத் தூக்கிவிட்டார்.

செலஸ்டினா யோசித்தார். ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர் ஆட்சியைக் கவிழ்ப்பார். புதிதாக வருகிறவர் வீம்புக்கு அன்றைக்கே உலையை எரிப்பார். வாயை மூடிக்கொண்டால் வெள்ளிக்கிழமை எரியும். உலையில் முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள். அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர் அவர்.

இப்போது சொல்லுங்கள்: ஆட்சியும் கவிழாமல் சோதனையும் நடக்க வேண்டுமானால், கல்லில் யார் பெயரை வெட்டச் சொல்ல வேண்டும்?

விடை: யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லலாம், கூடவே ஒன்றைச் சொன்னால் போதும். செலஸ்டினா சொன்னார்: “யார் பேரா இருந்தாலும் சரிங்க. ஆனா சோதிக்காத மூடி. நாளைக்குக் கசிஞ்சா, யார் மூடினதுன்னு ஜனங்க இந்தக் கல்லைத்தான் வந்து படிப்பாங்க.” உடனே பிரதமர், “கத்தினவர் அமலதாசன்தானே” என்றார். “சேச்சே, மூடி வீரபத்திரன் அண்ணன் செஞ்சது” என்றார் அமலதாசன். “கையெழுத்து யாருது?” என்றார் வீரபத்திரன். அரை மணியில் மூவரும் ஒரே குரலில் பத்து நாள் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் மூடியை இறுக்கும் ஒரு மறையாணியின் ஓரத்தில் ஈரம் கசிந்தது. அதை மாற்றி, மறுபடி சோதித்து, ஒரு சொட்டும் வராத பிறகு செலஸ்டினா கல்தச்சரைக் கூப்பிட்டுத் தன் பெயரை வெட்டச் சொன்னார்.