தம்புராஜ் கல்யாணத்துக் கிட்டார்க் கச்சேரி

உலகத்தில் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. கிட்டாரையும் வாங்கிவிட்டு, வாசிக்கவும் தெரியாத நாலு பேர் ஊஞ்சப்பாளையத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். அவர்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

தலைவர் சென்னியப்பன், மாட்டுத்தீவனக் கடைக்காரர். நாலு பேரில் அவர் கிட்டாருக்கு மட்டும்தான் உறை இருந்தது. அதனால் தலைவர் ஆனார். அடுத்தவர் மயில்சாமி, மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கம்பியோடு பழகிய கை என்று அவருக்கு ஒரு மதிப்பு. மூன்றாவது நந்தகோபால், டியூஷன் வாத்தியார். மற்றவர்கள் சும்மா செய்கிற தப்பை இவர் காரணத்தோடு செய்வார். நாலாவது தம்புராஜ். இருபத்தெட்டு வயது, நூல் மில்லில் சூப்பர்வைசர். கெட்ட பையன் இல்லை. எனக்கு வருத்தமே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். ஒன்பது மணியிலிருந்து பதினோரு மணி வரை பேச்சுத்தான். எந்த ஊர்த் தந்தி நல்ல தந்தி, நகம் வளர்ப்பதா வெட்டுவதா, தோள்வாரை எந்தத் தோளில் மாட்டினால் ராகம் வரும். இத்தனையும் பேசி முடித்து ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு, "இன்னைக்கு நல்ல பிராக்டீஸுங்" என்று கிட்டாரை உறையிலிருந்து எடுக்காமலே கிளம்பிய நாட்கள் உண்டு. உறை இல்லாதவர்கள் துண்டிலிருந்து எடுக்காமல் கிளம்புவார்கள்.

அவர்களுக்கு ஒரு குரு இருந்தார், கோயமுத்தூர் ஆல்பர்ட் மாஸ்டர். ஒரே ஒரு நாள் வந்தார். நாலு கிட்டாருக்கும் சுருதி சேர்த்துக் கொடுத்தார், நாலு பேர் வாசிப்பதையும் கேட்டார், நின்றபடியே சில யோசனைகள் சொன்னார். அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் போன் அணைந்தே கிடக்கிறது. அவர் சொன்னதையெல்லாம் நந்தகோபால் சாக்பீஸால் சுவரில் எழுதி வைத்தார். வினை அங்கே ஆரம்பித்தது.

விரலில் காய்ப்பு ஏறும் வரை தந்தி வலிக்கத்தான் செய்யும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். காய்ப்பு ஏறின பிறகு தந்தியைத் தொட்டால் வலியே இல்லையே என்று நந்தகோபால் கண்டுபிடித்தார். ஊரில் யார் கையில் காய்ப்பு இருக்கிறது என்று விசாரித்து, கருப்பணன் தேங்காய்க் களத்துக்குப் போனார்கள். பத்து நாள் கூலி இல்லாமல் தேங்காய் உரித்தார்கள். காய்ப்பு ஏறியது, உள்ளங்கையில். விரல் நுனி வெண்ணெயாகவே இருந்தது. சென்னியப்பன் சில நாள் உள்ளங்கையால் தந்தியை அமுக்கிப் பார்த்தார். கதவு சாத்துகிற சத்தம்தான் வந்தது.

பிறகு சுருதி. மாஸ்டர் சேர்த்துக் கொடுத்த சுருதி வாசிக்க வாசிக்க இறங்கிக்கொண்டே வந்தது. இதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள். வாசிப்பதால்தானே இறங்குகிறது, வாசிக்காமல் பழகினால் என்ன என்று மயில்சாமி கேட்டார். மூன்று பேரும் அவரை வியந்து பார்த்தார்களாம். அந்த ஒரு மாதம் நாலு பேரும் கிட்டாரை மடியில் வைத்து, தந்திக்கு ஒரு அங்குலம் மேலே காற்றில் விரலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கடை திறந்த நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியான மாதம் வந்ததில்லை.

தேங்காய்க் களத்தில் ஒரு காரியம் நடந்திருந்தது. கூலி வாங்காமல் குனிந்த தலை நிமிராமல் தேங்காய் உரித்த தம்புராஜைக் கருப்பணனுக்குப் பிடித்துப்போயிற்று. அவருக்கு மேகலா என்று ஒரே மகள், கூட்டுறவு பேங்கில் வேலை. ஜாதகம் பார்த்தார்கள், பொருந்தியது. பெண் பார்க்கப் போன இடத்தில் தம்புராஜ், கேட்காத கேள்விக்கு, "நான் கிட்டார் வாசிப்பனுங்" என்று சொல்லிவிட்டான்.

மேகலா ஏற்கெனவே ஒரு தடவை சூடு பட்டவள். முன்பு வந்த மாப்பிள்ளை சொந்தமாக மில் வைத்திருக்கிறேன் என்றான். விசாரித்தால் மாவு மில். அதனால் அவள் நேராகவே கேட்டாள்.

"ஒரே ஒரு பாட்டு, கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல முழுசா வாசிச்சுக் காட்டுங்க. அப்புறம் தாலிக்குத் தலை குனியறேன். வாசிக்கத் தெரியலீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தம்புராஜுக்கு இன்றைக்கு ரெண்டு பிள்ளைகள் இருந்திருக்கும். அவன் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

மூன்று மாதம் இருந்தது. மூன்று நிமிஷப் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு விரலை நாலு விதமாகப் பிடித்தால் போதும். முதல் மூன்று பிடியைத் தட்டுத் தடுமாறித் தாண்டிவிடுவார்கள். நாலாவது எஃப் என்கிற பிடி. சுட்டுவிரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு தந்தியையும் ஒரேயடியாக அமுக்க வேண்டும். கிட்டாரைப் பரணில் ஏற்றிய பாதிப் பேர் இந்தப் பிடியைப் பார்த்துத்தான் ஏற்றியிருப்பார்கள். நம்மவர்களிலும் அங்கே வந்ததும் யாராவது ஒருவர் தப்பு விடுவார்.

தப்பு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்று மாஸ்டர் சொன்னது சுவரில் இருந்தது. ஆரம்பித்தார்கள். ஆறு வாரம் ஆரம்பித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விவாதம் வந்தது. நான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"மொதல்ல இருந்துன்னாரு. எதுங்ணா மொதலு?" என்றார் மயில்சாமி.

"மொதல் பிடிதானுங்ணா," என்றான் தம்புராஜ்.

"அதுக்கு முன்னால சுருதி பாக்கறமே, அதைய எங்க கொண்டுபோய் வெக்கறது?" என்றார் சென்னியப்பன்.

நந்தகோபால் தொண்டையைச் செருமினார். "சுருதிக்கு முன்னால நாம மாடிப்படி ஏறறோம். ஏறுனா மூச்சு வாங்குது. மூச்சு வாங்குனா கை நடுங்குது. கை நடுங்குனா எஃப் எப்பிடி வரும்? தப்பு மாடிப்படியில ஆரம்பிக்குதுங், நாம தந்தியில தேடிட்டிருக்கறோம்."

அதன் பிறகு ஒவ்வொரு தப்புக்கும் நாலு பேரும் கிட்டாரோடு கீழே இறங்கி, என் கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்று, நிதானமாக மேலே ஏறினார்கள். ஒரு காலையில் பதினேழு தடவை. வாடிக்கையாளர்கள் சவ ஊர்வலத்துக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்றார்கள். பொறுக்காமல் நான் வாய் விட்டேன். அந்த நாலாவது பிடியை மட்டும் தனியாக ஒரு வாரம் பழகுங்கள், வந்துவிடும் என்றேன். சென்னியப்பன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். நடுவிலிருந்து ஆரம்பிப்பது முறை இல்லையாம், சங்கீதம் தெரியாதவர்கள் இப்படித்தான் பேசுவார்களாம்.

படியும் பலிக்கவில்லை. தப்பு அவரவர் வீட்டுக்குப் பின்வாங்கியது. கல்யாணத்துக்கு முந்தைய வாரங்களில் எஃப் வராதபோதெல்லாம் நாலு பேரும் வீட்டுக்குப் போய், குளித்து, உடுத்து, திரும்பி வந்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் வாசிக்க முடிந்தது. ஆனால் ஊரிலேயே சுத்தமான நாலு பேர் அவர்கள்தான்.

கல்யாண நாள் வந்தது. பக்கத்து ஊர் மண்டபம், பஸ்ஸில் கால் மணி நேரம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். எட்டு மணிக்கு மேடையில் நாலு நாற்காலி போட்டார்கள். பட்டு வேட்டியும் மாலையுமாகத் தம்புராஜ் கிட்டாரோடு உட்கார்ந்தான். மணப்பெண் அறை வாசலில் மேகலா வந்து நின்றாள். அவள் முகத்தில் ஆசை இருந்தது. உண்மையைச் சொன்னால், இந்த ஒரு தடவை மட்டும் வந்துவிடட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

முதல் பிடி. இரண்டாவது. மூன்றாவது. கூட்டம் தலையாட்டியது. நாலாவதில் மயில்சாமியின் கிட்டார் தகர டப்பா உருளுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது.

சென்னியப்பன் எழுந்து மைக்கைப் பிடித்தார். "தப்பாப் போச்சுங். மொதல்ல இருந்து வர்றமுங்," என்றார். நாலு பேரும் மேடையை விட்டு இறங்கினார்கள். பந்திக்குப் போகிறார்கள் என்று கூட்டம் நினைத்தது. அவர்கள் வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ஊஞ்சப்பாளையம் பஸ்ஸில் ஏறினார்கள். மாப்பிள்ளைக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

ஒன்பதரைக்குத் திரும்பி வந்தார்கள், தலை ஈரத்தோடு. அதற்குள் கருப்பணன் மண்டபத்தை நாற்பது தடவை சுற்றியிருந்தார். யாரையும் திட்டவில்லை. மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கையைக் காட்டி மேடையில் உட்காரச் சொன்னார். மறுபடியும் மூன்று பிடி. மறுபடியும் நாலாவதில் தகர டப்பா. இந்தத் தடவை உருட்டியவன் தம்புராஜ்.

மேடையிலேயே கூட்டம் போட்டார்கள். மைக்கை யாரும் அணைக்காததால் ஊரே கேட்டது.

"ஊட்டுல இருந்து வந்தும் தப்பு வருதுன்னா, தப்பு ஊட்டுக்கும் முன்னால இருக்குதுங்," என்றார் நந்தகோபால்.

"ஊட்டுக்கு முன்னால என்னங் இருக்குது?" என்று கேட்டார் மயில்சாமி.

"இன்னைக்கு எதுக்கு வாசிக்கறோம்? கல்யாணம். கல்யாணம் எதுனால? பொண்ணு பார்த்ததுனால. பொண்ணு பார்த்த எடத்துலதான் இவன் கிட்டார்னு வாயைத் தொறந்தான். அதுதானுங் மொதலு."

நாலு பேரும் தலையாட்டினார்கள். பிறகு சென்னியப்பன் கருப்பணனைக் கூப்பிட்டு, மறுபடியும் பெண் பார்த்தால் ஒழியப் பாட்டு வராது என்று மரியாதையாகச் சொன்னார். மணி ஒன்பது ஐம்பது. அய்யர் அக்கினியை ஊதிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், தாலியைக் கட்டுங்கள் மாப்பிள்ளை என்று கருப்பணன் கெஞ்சினார். மேகலாவும் இறங்கி வந்தாள். அவளுக்குக் கோபம்தான். பாட்டு இல்லாமலே தாலி கட்டட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். ஆனால் தம்புராஜ் ஒப்புக்கொள்ளவில்லை. கொடுத்த வாக்கை மீறுகிற ஆள் தான் இல்லை என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. முட்டாளுக்கு ரோஷம் வந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

"அஞ்சு நிமிசந்தானுங்ப்பா. பொண்ணு காட்டித் தொலைக்கலாம்," என்றாள் மேகலா.

பந்தி நடந்த கூடத்தில் ஒரு மூலையில் ஜமக்காளம் விரித்தார்கள். நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சமையல்காரர் அவசரமாகக் கேசரியும் பஜ்ஜியும் கொடுத்தார். மணமாலை, நெற்றிச்சுட்டி எல்லாவற்றோடும் மேகலா காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து குனிந்து நீட்டினாள். காபி டம்ளருக்குள் மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழ் விழுந்தது. தம்புராஜ் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் குடித்தான். படிப்பு என்ன, சமைக்கத் தெரியுமா என்று சென்னியப்பன் கேட்டார். அவள் பதில் சொன்னாள். எனக்கு எழுந்து போய் நாலு பேர் தலையிலும் கிட்டாரை உடைக்கலாம் போல இருந்தது.

மணி பத்தே கால். "போதுங்களா? வாங்க மாப்ள மணவறைக்கு," என்று கருப்பணன் தம்புராஜின் கையைப் பிடித்தார்.

சென்னியப்பன் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பொண்ணு பார்த்த எடத்துல பதில் சொல்ற பழக்கம் எங்குளுக்கு இல்லீங். ஊட்டுக்குப் போயி கலந்து பேசிட்டு சொல்லியனுப்பறமுங்."

கும்பிட்டார்கள். கிட்டாரை எடுத்துக்கொண்டார்கள். நாலு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினேன். எப்படியாவது பையனையாவது இழுத்துக்கொண்டு வந்துவிடலாம், பத்து நிமிஷம் பாக்கி இருக்கிறது என்று ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறினேன்.

உள்ளே தம்புராஜ் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். மற்ற மூன்று பேரின் முகமும் இறுகிக் கிடந்தது.

"பொண்ணு எப்பிடிங்ணா?" என்று அவன் வெட்கத்தோடு கேட்டான். "எனக்குப் புடிச்சிருக்குதுங்."

சென்னியப்பன் கிட்டாரைக் கீழே வைத்தார். பிறகு அவன் தோளில் கை வைத்தார்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது தம்பி. ஆனா நமக்கு வேண்டாம். மாலையென்ன, நெத்திச்சுட்டியென்ன, அய்யரு அக்கினி வளர்த்துட்டு உக்காந்திருக்கறாரு. அந்தப் புள்ளைக்கு இன்னைக்கு எவனோடவோ கல்யாணம். அதைய மறைச்சு நம்மகிட்டப் பொண்ணு காட்டறாங்கன்னா, அது என்ன குடும்பமுங்?"

"நல்லவேளைங்ணா," என்றான் தம்புராஜ். "தப்பிச்சமுங்."