மோதிர விரலின் இடைவெளி

பழனிவேல் எலும்பு டாக்டர். விலகிய எலும்பை இழுத்துப் பிடித்துச் சேர்த்தே தலை நரைத்தவர். அந்த வயதில் அவருக்கு ஸ்கேன் பார்க்கக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. மகள் வயதிருக்கும் டாக்டர் நஸீமாவிடம் போய்ச் சீடராகச் சேர்ந்தார். கேள்வி கேட்டே அவரைத் துளைத்தெடுத்தார்.

ஒருநாள் அமலன் வந்தான். பாறை ஏறுகிறவன். பயிற்சியில் சின்ன விளிம்பைப் பற்றித் தொங்கியபோது மோதிர விரலுக்குள் 'டப்'பென்று கேட்டதாம்.

"ஞாயித்துக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு. ஏறலாமா டாக்டர்?"

"நீங்களே பாருங்க சார்" என்றார் நஸீமா.

"எதைத் தேடணும் மேடம்?"

"தூண்டில் கழியில நூலை வளையம் பிடிச்சு வெச்சிருக்கும்ல? விரல்லயும் அப்படித்தான். தசைநாண் எலும்பை விட்டு விலகாம வளையம் பிடிச்சிருக்கு. அது அறுந்திருந்தா, விரலை மடக்கும்போது நாண் விலகும். நடுவுல கறுப்பா இடைவெளி தெரியும்."

பழனிவேல் ஸ்கேன் கருவியின் புரோபை விரலில் வைத்தார். படம் ஆடாமல் இருக்க நன்றாக ஊன்றிக்கொண்டார். அமலன் விரலை மடக்கினான். நாண் எலும்போடு ஒட்டியே கிடந்தது.

"ஒண்ணுமில்லப்பா, வெறும் வீக்கம்தான். போய் ஜெயிச்சுட்டு வா."

அமலனின் முகம் மலர்ந்தது. அவனைவிடப் பழனிவேலுக்குத்தான் சந்தோஷம் அதிகம். பையன் அப்போதே இன்னொரு கையால் போனை எடுத்து நண்பனுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கிவிட்டான்.

"ஒரு நிமிஷம் தம்பி" என்றார் நஸீமா.

விரல்மேல் ஜெல்லைக் குவியலாகப் பிதுக்கினார். புரோப் தோலைத் தொட்டும் தொடாமலும் ஜெல்மேல் நின்றது.

"என் கட்டைவிரலை எதிர்த்து மடக்குங்க."

அமலன் போனிலிருந்து கண்ணெடுக்காமலே மடக்கினான். திரையில் நாண் எலும்பை விட்டு எழும்பியது. நடுவில் கறுப்பாக ஒரு இடைவெளி.

பழனிவேல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். அதே விரல். அதே இடம். அவர் வாயைத் திறப்பதற்குள் நஸீமா புரோபை அவர் கையில் கொடுத்தார்.

"அழுத்துங்க சார்."

அழுத்தினார். இடைவெளி மூடிக்கொண்டது.

"தளர்த்துங்க."

திறந்துகொண்டது. பழனிவேல் தானாகவே இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு மெல்லத் தளர்த்தி, கை ஜெல்மேல் மிதக்க, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையைக் கழுவிட்டு வாங்க தம்பி" என்று நஸீமா அமலனை உள்ளறைக்கு அனுப்பினார். குழாய்ச் சத்தத்தோடு அவன் ஏதோ பாட்டை முணுமுணுப்பதும் கேட்டது.

"மூடினது என் கைதானா மேடம்?"

"ஆமா சார்."

"இதோட ஏறினான்னா?"

"மத்த வளையங்களும் அறுந்து போயிடலாம். இப்ப நிறுத்தினா, விரலுக்கு ஒரு பட்டை போட்டே ஆற வெச்சுடலாம்."

பழனிவேல் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஜெயிச்சுட்டு வான்னு நான்தானே சொன்னேன். இப்ப அந்தப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?"

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது.

"கடைசியா புரோபைப் பிடிச்சிருந்தீங்களே, அப்படி" என்றார் நஸீமா.