ஆடு தட்டிப் பார்த்த பூட்ஸ்

நாவல் காட்டுக் குளத்துக்குக் கீழே மிருகங்கள் எல்லாம் ஒன்றுகூடி நெல் நட்டன. நடவு மூன்று நாள் நடக்கும். அதற்கு ஒரு சட்டம் இருந்தது. மூன்று நாளில் ஒரு நாளாவது, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, கரையேறாமல் சேற்றில் நிற்க வேண்டும். அப்படி நின்றவருக்குத்தான் அறுப்பு முடிந்ததும் வைக்கோலில் பங்கு. பாதியில் கரையேறினால் ஒரு துரும்புகூடக் கிடையாது. சட்டத்தைக் காக்க வரப்பில் ஒரு கொக்கு நின்றது. நிற்கிற வேலைக்குக் கொக்கைவிட்டால் வேறு யார்?

செவந்தி என்ற வெள்ளாடு போன வருஷம் மத்தியானத்திலேயே கரையேறிவிட்டது. பாவம், சேறு பட்டால் அதன் குளம்பில் புண் வந்துவிடும். வைக்கோல் இல்லாமல் மழைக்காலம் முழுக்க அதன் இரண்டு குட்டிகளும் ஈரத் தரையில் படுத்து இருமின. இந்த வருஷம் அப்படி ஆகவிடக் கூடாது என்று செவந்தி முடிவு கட்டியது. நடவு தொடங்கிய முதல் நாள் காலையிலேயே நீர்நாயிடம் போனது.

"அண்ணே, தண்ணி புகாத பூட்ஸ் வேணும். நாலு காலுக்கும் நாலு!"

நீர்நாய் ரப்பர் மரத்துப் பாலைக் காய்ச்சி பூட்ஸ் செய்வதில் படு கெட்டி. மானுக்கும் முயலுக்கும் அதுதான் செய்து கொடுத்தது. "பார்த்து எடும்மா!" என்று இருப்பதையெல்லாம் பரப்பி வைத்தது.

செவந்தி பார்த்த அழகு இருக்கிறதே! ஒவ்வொரு பூட்ஸையும் கவிழ்த்துக் கொம்பால் 'டொக் டொக்' என்று தட்டியது. காதை வைத்துக் கேட்டது. மோந்து பார்த்தது. அப்புறம் அதில் தண்ணீரை நிரப்பிக் கிளையில் தொங்கவிட்டு, சொட்டுகிறதா என்று கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தோற்றார்கள், போங்கள்!

"ஏம்மா, காலை விட்டுப் பாரேன்!" என்றது நீர்நாய்.

"நல்லா இருக்கே! புதுப் பானைக்குள்ளே யாராவது காலை விடுவாங்களா?"

"இது பானை இல்லையே, தாயி!"

"தண்ணி விஷயத்தில் எல்லாம் ஒண்ணுதான். எனக்குத் தெரியாதா?"

இப்படியே தட்டித் தட்டி இரண்டு நாள் ஓடியது. அங்கே நடவும் இரண்டு நாள் முடிந்துபோனது! கடைசியில் செவந்தி நாலு பூட்ஸ் தேர்ந்தெடுத்தது. மினுமினு கறுப்பு. தட்டினால் கணீரென்று சத்தம். முழங்காலைத் தாண்டிய உயரம். இருந்ததிலேயே அதிகத் தண்ணீர் பிடித்ததும் அதுதான். ஓரமாக ஒரு பழுப்பு பூட்ஸ் மெத்தென்று துவண்டு கிடந்தது. செவந்தி அதை மூக்கால் ஒதுக்கியது. "தட்டினா சத்தமே வரலை. ஊமைச் சரக்கு!"

மூன்றாம் நாள் விடிந்தது. செவந்திக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரே நாள்தான். நாலு காலிலும் கறுப்பு பூட்ஸை மாட்டிக்கொண்டு, நாற்றுக்கட்டை வாயில் கவ்வியபடி வயலில் இறங்கியது. அல்லி என்ற எருமை முன்னமே சேற்றில் சுகமாக நின்றுகொண்டிருந்தது.

"வாடி செவந்தி! நாத்து நடத்தான் கொடுத்திருக்கு. தின்னுடாதே!"

செவந்தி நாற்றைக் கீழே வைத்தது. "போக்கா! என் பூட்ஸைப் பாரு. ஒரு சொட்டு உள்ளே வராது!"

சொல்லிவிட்டு ஒரு அடி வைத்தது. அடுத்த அடிக்குக் காலைத் தூக்கியது. கால் வந்தது. பூட்ஸ் வரவில்லை! சேறு அதை 'சப்'பென்று பிடித்துக்கொண்டது. அவ்வளவு அகலப் பூட்ஸில் காலுக்குப் பிடிமானம் ஏது? செவந்தி காலை மறுபடி உள்ளே விட்டு ஒரு இழு இழுத்தது. பூட்ஸ் பக்கவாட்டில் சாய்ந்தது. வயல் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்தது. ஒன்றில் மட்டுமா? நாலிலும்!

வெளியே இருக்கிற தண்ணீரை உள்ளே விடாத பூட்ஸ், உள்ளே போன தண்ணீரை மட்டும் வெளியே விடுமா? ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அல்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடி ஆத்தி! எங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு குளம். உனக்குக் காலுக்கு ஒரு குளமா!"

வெயில் உச்சிக்கு வந்தது. குளம்பு நாலும் ஊறிப்போய்ப் பழைய புண் எரிந்தது. செவந்தி கரையைப் பார்த்தது. நாலு எட்டு வைத்தால் ஏறிவிடலாம்.

"ஏறணும்னா ஏறு," என்றது கொக்கு. "யாரும் தடுக்கலை. வைக்கோல் கிடையாது, அவ்வளவுதான்!"

வேலிக்கு அந்தப் பக்கம் குட்டிகள் இரண்டும் 'ம்மே' என்று கூப்பிட்டன. அவ்வளவுதான், செவந்தியின் ரோஷமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"நீர்நாய் அண்ணே!" என்று காடே கேட்கக் கத்தியது. "நீ சொன்னதுதான் சரி! என் புத்தியிலே சேறுதான் இருந்தது! வேற பூட்ஸ் கொண்டு வா. இங்கேயே நின்னு போட்டுப் பார்க்கிறேன்!"

நீர்நாய் ஒரு மூட்டை பூட்ஸோடு வாய்க்கால் வழியாக நீந்தி வந்தது. செவந்தி எருமைமேல் சாய்ந்து, மூன்று காலில் நின்று, ஒரு காலைத் தூக்கியது.

"சீக்கிரம் ஆகட்டும்டி! நான் என்ன சுவரா?"

"கொஞ்சம் பொறுக்கா! இது குளம்பை நெரிக்குது. வேண்டாம்!"

அடுத்ததைப் போட்டு, மடக்கி நீட்டிப் பார்த்தது. "இது பின்னாலே உரசுது. சாயங்காலத்துக்குள்ளே தோல் உரிஞ்சிடும்!"

மூன்றாவதாக மூட்டையிலிருந்து வந்தது அந்தப் பழுப்பு ஊமைச் சரக்கு. செவந்தி காலை விட்டது. கணுக்காலை அது மெல்லக் கவ்விக்கொண்டது. கால் மடங்கினால் மடங்கியது. தூக்கினால் சேற்றை உதறிவிட்டுக் கூடவே வந்தது.

"அண்ணே! பூட்ஸ் போட்டதே தெரியலையே!"

"அதுக்குப் பேர்தாம்மா பூட்ஸ்!"

மற்ற மூன்று காலுக்கும் அதே மாதிரிப் பழுப்பையே மாட்டிக்கொண்டது. அதற்கப்புறம் செவந்தி தலை நிமிரவே இல்லை. குனிந்து குனிந்து நட்டது. முந்தின நாட்களிலேயே நின்று முடித்திருந்த மற்றவர்கள் கரையேறிய பிறகும் நட்டது. சூரியன் மரத்துக்குப் பின்னால் இறங்கியதும் கொக்கு அதன் வரிசையோரமாக மெதுவாக நடந்து வந்து கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"நட்டது கோணல்," என்றது.

செவந்தி தலையைத் தொங்கப்போட்டது.

"ஆனா நின்னது நேர். வைக்கோல்லே உனக்குப் பங்கு உண்டு. ஏறி வா!"

செவந்தி வரப்பில் ஏறி அப்படியே சாய்ந்தது. வேலியைத் தாண்டி ஓடிவந்த குட்டிகள் இரண்டும் அதன் வயிற்றில் முட்டின.

ஒரு பொருள் எந்த வேலைக்கு வேண்டுமோ, அந்த வேலையைச் செய்து பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.