ஒரே பெயரில் இரண்டு வைஃபை

மடத்து விடுதியில் தங்கிப் படித்த அங்கயற்கண்ணிக்கு இழைக்கப்பட்டது இதுதான். மடத்து அன்னதானக் கூடத்தில் யாரோ ஒருவன் மடத்தின் பெயரிலேயே ஒரு போலி வைஃபை வைத்திருந்தான். உள்ளே நுழைய மெயில் முகவரியும் கடவுச்சொல்லும் கேட்டது. தட்டினாள். மறுநாள் அவள் மெயிலிலிருந்து ஊருக்கெல்லாம் ஆபாசக் கடிதங்கள் போயின. அனுப்பியவனை யாரும் தேடவில்லை. தேர்வுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, அவளைத்தான் மடத்து விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள்.

உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் திருவம்பலம். ஓய்வுபெற்ற தாசில்தார், மூத்த சீடர். மடத்தின் தலைவி சிவஞான அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். இதெல்லாம் நடந்த பிறகுதான் யாத்திரை முடிந்து திரும்பினார்; அன்றே திருவம்பலம் அவர்முன் வந்து நின்றார்.

"தாயே, பொது வைஃபையில் பத்திரமா இருக்க நாலு வார்த்தை சொல்லுங்க. சுவரில் ஒட்டணும். அந்தப் பொண்ணு மாதிரி இன்னொண்ணு ஆகிடக் கூடாது."

"அந்தப் பொண்ணுக்குப் பேர் இல்லையா?"

"அங்கயற்கண்ணி" என்றார் தரையைப் பார்த்து.

அம்மை தன் போனில் எதையோ தட்டினார். "உங்க போன்ல மடத்து வைஃபை வருதா?"

திருவம்பலம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ரெண்டு வருது. ஒரே பேர்."

"நம்மளது எது?"

"மேல இருக்கிறது. சிக்னல் நிறைய காட்டுதே." தொட்டார்.

அம்மை தன் போனைத் திருப்பிக் காட்டினார். இணைந்திருப்பவர்கள் பட்டியலில் ஒரே பெயர்: திருவம்பலம்.

"இது என் போன்லேர்ந்து நான் இப்ப வெச்சது. நம்மளதுக்கு பாஸ்வேர்ட் இருந்தா வித்தியாசம் தெரிஞ்சிருக்கும். மடத்து வைஃபைக்கு பாஸ்வேர்டே வேண்டாம்னது யாரு?"

"நான்தான். பசின்னு வந்தவனைப் பேர்கூடக் கேக்காம சோறு போடற இடம். வைஃபைக்கு மட்டும் கேக்கலாமான்னு..."

"எழுதிக்குங்க. எது நம்ம வைஃபைன்னு ஆபீசில் கேட்டுட்டுச் சேரணும். நுழையறதுக்கு மெயில் கடவுச்சொல் கேட்டா மூடிடணும். மெயில், பேங்க் வேலைக்கு சொந்த சிம் டேட்டா."

எழுதினார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது தாயே."

"அவளை விசாரிச்சு எழுதின தாளைப் பார்த்தேன். அவளும் அதையேதான் சொல்லியிருக்கா. அதுக்குப் பக்கத்தில் ‘சாக்கு’ன்னு இருக்கிறது உங்க கையெழுத்து."

திருவம்பலம் எழுதிய தாளை மடித்தார். "கூப்பிட்டுடலாம். மன்னிச்சுட்டோம்னு ஒரு கடிதம் போட்டுடறேன்."

"மன்னிக்க வேண்டியது அவ. கடிதம் வேண்டாம், நேர்ல போங்க. அவ வீட்டுக்கு ரெண்டு பஸ் மாறணும். வாசல்லயே நிக்க வெச்சா நில்லுங்க."