மஞ்சப்பாறை அருவிக்குப் போன புளியோதரை

வேன் நிற்கிற இடத்திலிருந்து மஞ்சப்பாறை அருவிக்குக் கால் மணி நேர நடை. காடுதான், ஆனால் சிமெண்டுப் பாதை. இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாங்காய் கடித்தபடியே போய் வருகிறார்கள்.

அந்த நடைக்குத்தான் பத்திரம் எழுதும் குத்தாலிங்கம் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அருவியையும் பார்க்கவில்லை. மனைவி கோமுவும் மற்ற பெண்களும் குளிக்க முன்னால் போய்விட்டார்கள். புளியோதரையும் அவித்த முட்டையும் இருந்த சாப்பாட்டுப் பையோடு பின்னால் போனவர், இரண்டாவது வளைவில் வேட்டியை இறுக்கிக் கட்டுவதற்காகப் பையைக் கீழே வைத்தார். ஒரு குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டது. கோமுவிடம் போய் இதை எப்படிச் சொல்வது? ஒரு கல்லில் உட்கார்ந்து யோசித்தார். ஒன்றும் தோன்றாமல் வேனுக்கே திரும்பினார்.

முட்டுவலி என்று வேனிலேயே கிடந்த மச்சினன் சங்கரநயினாரும் டிரைவர் அந்தோணியும் அவர் கையைத்தான் பார்த்தார்கள். வெறுங்கை.

"அத்தான், புளியோதரை எங்க?"

"நான் உசுரோட வந்திருக்கேன். நீ புளியோதரையக் கேக்க." குத்தாலிங்கம் படியில் உட்கார்ந்தார். "ஒரு அட்டை மாப்ள. சொரக்கா தண்டி. கெண்டைக்கால்ல ஒட்டி ரெண்டு படி ரத்தத்தைக் குடிச்சிட்டு."

"இந்த வெயில்ல அட்டை ஏது?"

"அதான். அதுவும் காஞ்சுபோயில்லா கெடந்திருக்கு. அந்தப் பசி அதுக்கு."

அந்தோணி அவர் காலைக் குனிந்து பார்த்தான். குத்தாலிங்கம் வேட்டியை இழுத்து மூடினார்.

"கெறங்கிப்போய் ஒரு கரும்பாறையில சாஞ்சேன். பாறை காத ஆட்டுது. யானை. தும்பிக்கையால சுத்தி என்னைத் தென்ன மர ஒசரத்துக்குத் தூக்கிட்டு."

"நீங்க அலறுனீங்களாக்கும்."

"எதுக்கு அலறணும்? 'இந்த எடத்துக்குப் பத்திரம் வச்சிருக்கியா? வில்லங்கம் பாத்தியா?'ன்னு கேட்டேன். அப்படியே எறக்கி விட்டுட்டு. பாவம், நாலு தலைமுறையா அனுபவ பாத்தியம் இருக்கு, கையில ஒரு துண்டுக் காயிதம் இல்ல. தேக்கு எலையில நானே எழுதிக் குடுத்தேன். அது கால ஊனி கைநாட்டு வச்சுது."

"சாட்சி?" என்றான் அந்தோணி.

"ஒரு கரடி. ஒரு ராஜநாகம்."

"பாம்பு எப்படிண்ணே கையெழுத்துப் போடும்?"

"வளைஞ்சு நெளிஞ்சுதான். ஆபீசருங்க கையெழுத்து மட்டும் வேற எப்படி இருக்கு?"

சங்கரநயினாருக்குச் சிரிப்பு முட்டியது. ஆனாலும் வயிறு விடவில்லை. "சரி, புளியோதரை?"

"சந்தோசத்துல யானை அருவிய ஒரே உறிஞ்சா உறிஞ்சிட்டு. பொம்பளைக தலையில சீயக்காயோட நிக்காவ. 'விடுலே'ன்னு ஒரு அதட்டு அதட்டுனேன். பயத்துல கீழருந்து மேலாமப் பீச்சுச்சு. அருவி இன்னும் மேல பாத்துத்தான் போயிட்டிருக்கு. பத்திரம் முடிஞ்சா விருந்து வைக்கணும்லா? அதுக்குத்தான் புளியோதரைய வச்சேன்."

சொல்லி முடிக்கவும், ஈரத்தலையோடு கோமு வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அவள் கையில் கிழிந்த பையும் காலித் தூக்குச்சட்டியும். அவ்வளவு நேரம் கல்லில் உட்கார்ந்து குத்தாலிங்கம் பயந்தது இதற்குத்தான்.

"அக்கா, அருவி மேல பாத்துப் போகுதாமே?" என்றான் தம்பி.

கோமு கணவரை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையைப் பிழிந்தாள்.

"ஆமா. நாங்க தலைகீழா நின்னுல்லா குளிச்சோம். குளிச்சு முடிச்சதும் ஒரு கொரங்கு பந்தி போட்டு, எல போட்டு, எல்லாருக்கும் புளியோதரை பரிமாறிச்சு. பன்னெண்டு முட்டையில ஒண்ணு கொறஞ்சுது. என்னன்னு கேட்டேன். 'வார வழியில ஒங்க வீட்டுக்காரரு ஒண்ண முழுங்கிட்டாரு'ன்னு சொல்லுச்சு."

மூன்று பேரும் குத்தாலிங்கத்தைப் பார்த்தார்கள்.

"அந்தக் கொரங்கு சொல்லுததை நம்பாத கோமு," என்றார் அவர். "சரியான புளுகன். நான் தின்னது ரெண்டு."