கடைசி விளக்குக்கு அப்பால்

“எல்லா இணைப்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன் மேடம். அப்பவும் விளக்கெல்லாம் குளிர்காய்ச்சல் கண்ட மாதிரி நடுங்குது,” என்றார் சபாபதி.

பர்வீன் அண்ணாந்து பார்த்தாள். அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் விளக்கு வேலையில் அவருக்கு அவள்தான் குரு.

கண்காட்சிக் கூடத்தின் கூரையில் ஒரே கம்பியில் வரிசையாக விளக்குகள். கீழே சுவரில், அவர் மகள் உமையாள் வரைந்த முகங்கள். உமையாள் போன ஆடியில் இறந்துபோனாள். நாளைக் காலை ஊர் பார்க்க வருகிறது.

“நடுங்குற வெளிச்சத்துல எல்லா முகமும் அழுவுற மாதிரி இருக்கு,” என்றார்.

“கன்ட்ரோல் பெட்டியிலேர்ந்து விளக்குக்கு ஆணை போற டேட்டா வயரை எப்படி இழுத்தீங்க?”

“நீங்க சொன்னபடிதான். ஒரு விளக்குலேர்ந்து அடுத்ததுக்கு. பந்தியில சாம்பார் வாளி போற மாதிரி.”

“நடுவுல கிளை பிரிச்சீங்களா?”

“பிரிப்பேனா? அதுக்கு நீங்க திட்டினது இன்னும் காதுல நிக்குது.”

“கடைசி விளக்குக்கு அப்புறம்?”

சபாபதி சுவர் மூலையைப் பார்த்தார்.

கடைசி விளக்கையும் தாண்டி ஓடிய வயர், படமே இல்லாத சுவரின் மூலையில் சுருண்டு தொங்கியது.

“அங்க எதுக்கு சார்?”

“இன்னும் நாலு படம் வரையறேன், இடம் விட்டு வைங்கப்பான்னு உமையாள் சொன்னா. நான்தான் அளந்து விட்டேன்.”

பர்வீன் தொண்டையைச் செருமினாள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் குரலில், தாசில்தார் தோரணையில் ஆணையிட்டாள்: “மூணாவது விளக்கு, கொஞ்சம் மங்கு.”

மூன்றாவது விளக்காகி மூக்கால் பேசினாள்: “ஆகட்டுங்க ஐயா.”

பிறகு ஆணையைத் தலையில் சுமப்பவள்போல வயரின் கீழேயே நடந்தாள். சுவர் மூலையில் நின்றாள்.

“யாருங்க அங்க?”

ஆணையை வாங்கிக்கொள்ள அங்கே விளக்கு ஏதும் இல்லை. வந்த வழியே திரும்பினாள், ஆணையை முனகிக்கொண்டே: “மங்கு… மங்கு…”

மூன்றாவது விளக்கு விசும்பியது: “இப்பத்தானே மங்கினேன் ஐயா. எந்தப் பேச்சைக் கேக்கறது?”

ஆடிக்குப் பிறகு சபாபதி முதல்முறையாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் உள்ளங்கையில் சிறிய பிளக் ஒன்றை வைத்தாள். “உள்ள ஒரு ரெசிஸ்டர் இருக்கு, வர்ற ஆணையை அங்கயே முழுங்கிடும். அந்த வயரைக் கழட்டிட்டு, கடைசி விளக்குல இதைச் செருகணும். போன சொல்லு திரும்பி வராது.”

“பின்னாடி விளக்கு சேர்க்கணும்னா?”

“இதைக் கழட்டிட்டுச் சேர்க்கலாம். படம் வந்தா.”

அவர் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்களே போட்டுடுங்களேன் மேடம்.”

“நான் ஏணியைப் பிடிச்சுக்கறேன் சார்.”

ஏறினார். வயரைக் கழற்றினார். அது தரையில் விழுந்தது. வெகுநேரம் கழித்துத்தான் பிளக் உள்ளே போனது.

விளக்குகள் அசையாமல் நின்றன. முகங்களும்.

ஏணியிலிருந்து அவர் இறங்கவில்லை.

“அந்தச் சுவரு இருட்டா கெடக்கே, மேடம்.”

“ஆமா சார்,” என்றாள் பர்வீன். “இருட்டுதான்.”